நரிக்கு எந்தத் தோட்டா? ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணைகள் சொல்லும் கதை

பட்டியில் ஈன்ற குட்டியை நரி தூக்கிக்கொண்டு போனால் வயிறு எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே எரிச்சலில் ஆஸ்திரேலியாவின் செம்மறி வளர்ப்போர் நூறு வருஷத்துக்கு மேலாக நரியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் தேர்ந்தெடுத்த விதத்தை இன்றைக்குப் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் நரியைச் சுடக் கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. நம்ம நரி இந்த மண்ணிலேயே பிறந்தது, வயல் எலியையும் பிடிக்கிறது. அங்கே அப்படியில்லை. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்து முயல்களைக் கொண்டுவந்து விக்டோரியாவில் விட்டார். செந்நரியும் வேட்டைக்காக வந்ததுதான். 1870-களில் அங்கே வேரூன்றியது. முயல் பெருகியது, அதைத் தின்று நரியும் பெருகியது. 1910-களில் மேற்கு ஆஸ்திரேலியா வரை போய்விட்டது. யாரோ நாலு பேர் வேடிக்கைக்குச் செய்ததற்குக் குடியானவன் தண்டம் கட்டுகிறான்!

பண்ணைக்காரர் கைக்கு முதலில் வந்தது பாயின்ட் 22 ரைபிள். இதன் 'லாங் ரைபிள்' தோட்டா 1887-ல் அமெரிக்காவில் பிறந்தது. விலை மலிவு, சத்தம் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியாவின் லித்கோ அரசுத் தொழிற்சாலையே இவ்வகை ரைபிள்களைச் செய்து விற்றது. ஐம்பது அறுபது மீட்டரில் முயலுக்கு இது போதும். நரிக்கு?

அங்கேதான் சங்கடம். அந்தக் குண்டு இரண்டரை கிராம் எடை, வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 370 மீட்டர். தூரத்தில் நிற்கும் நரிக்கு இடம் தப்பிப் பட்டால் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். அந்த வதை யாருக்கும் வேண்டாம். இன்னொன்று, மெதுவான ஈயக் குண்டு கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டால் உடையாது, தெறித்துப் போகும். தடையில்லாவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் கூடப் போகும். அந்தப் பக்கம் யார் மாடு நிற்கிறதோ, யார் வீடு இருக்கிறதோ! சின்னத் தோட்டாதானே, ஆபத்தில்லை என்று நினைப்பது தப்புக் கணக்கு.

மருந்தைக் கூட்டினால் ஆகாதா என்றால், ஆகாது. இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அடித்தால் விளிம்பு நசுங்க வேண்டும், ஆகவே தகடு மெல்லிசாகத்தான் இருக்க முடியும். அதிக அழுத்தம் தாங்காது. கேப்பை அடியின் நடுவில் வைத்தால் தடித்த கூடு போடலாம். 1930 வாக்கில் விற்பனைக்கு வந்த 'ஹார்னெட்' அப்படிப்பட்டது. குண்டின் குறுக்களவு கிட்டத்தட்ட அதே 5.6 மில்லிமீட்டர்தான், வேகமோ இரண்டு மடங்குக்கு மேல். 150 மீட்டர் வரை நரிக்கு நம்பலாம். 1950-ல் ரெமிங்டன் கம்பெனியின் 222 வந்து அதை 200 மீட்டர் ஆக்கியது. அந்த வேகத்தில் மெல்லிய உறைபோட்ட குண்டு தரையில் பட்டதும் பெரும்பாலும் சிதறிவிடும், தெறிப்பது குறைவு. காலிக் கூட்டில் வீட்டிலேயே மறுபடி மருந்தடைக்கலாம். விளிம்புத் தோட்டாவில் அது நடக்காது. ஆட்டுப் பண்ணைகளில் 222 நிலைத்துப் போனதற்கு இதெல்லாம் காரணம். எத்தனை வேகத் தோட்டா ஆனாலும், நரிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடாமல் இருப்பவனே நல்ல வேட்டைக்காரன்.

மலிவுத் தோட்டாவை விடாத கெட்டிக்காரர்களும் உண்டு. தகரத்தை மடித்து ஓட்டைபோட்ட ஊதலை வாயில் வைத்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதுவார்கள். நரி முப்பது நாற்பது அடி தூரத்துக்கே வந்து நிற்கும்!

1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் சட்டம் இறுகியது. தானாகத் தோட்டா ஏறும் துப்பாக்கிகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. லட்சக்கணக்கான துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் ஏற்றும் ரைபிளைக் குடியானவர் உரிமத்தோடு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

இத்தனை துப்பாக்கி இருந்தும் நரி ஒழியவில்லை. ஒன்றைச் சுட்டால் பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொன்று அந்த இடத்துக்கு வருகிறது. ஆகவே குட்டி ஈனும் காலத்துக்கு முன்பே அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரே சமயத்தில் விஷ இரை வைக்கிறார்கள், சிலர் மந்தையோடு காவல் நாய் வளர்க்கிறார்கள். அதற்கும் தப்பி வருகிற ஒன்றிரண்டுக்குத்தான் ராத்திரியில் விளக்கும் ரைபிளும்.