நல்ல இரவுச் செடி

எங்கள் வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் பூச்செடிக்கு இப்போது இரண்டு நிறம். வீட்டைப் பார்த்த பாதி டிசம்பரில் குங்குமமாய்ச் சிவக்கிறது. ரோட்டைப் பார்த்த பாதி பச்சையாகவே நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் கேட்டுக்கு எதிரே எல்.இ.டி. தெருவிளக்கு வந்ததிலிருந்து இப்படி. விளக்கைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருட்டினால் கரடி நடமாடும் கோத்தகிரித் தெரு எங்களுடையது. விளக்கு வேண்டுமென்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

செடியை வைத்தவர் அப்பா. எஸ்டேட் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். பாயின்செட்டியா என்ற பெயர் அவர் வாயில் ‘பான்சட்டி’யாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோயில் அலங்காரத்துக்குக் கிளை வெட்டுவார். வெட்டிய நுனியில் பால் கொட்டும். அதை மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிப் பொசுக்கிய பிறகுதான் தண்ணீரில் வைப்பார். பொசுக்காமல் வைத்தால் பாதிரியார் பிரசங்கம் முடிப்பதற்குள் எல்லாம் தலை தொங்கிவிடும் என்பார். ஆள் பார்த்துச் சொல்கிற கேலிதான். ஆனால் முறை சரி. இது கள்ளி இனம். பாலை அடைக்காவிட்டால் வெட்டிய கிளை தாங்காது.

வாழ்நாள் முழுக்கப் பள்ளியில் தாவரவியல் நடத்திய எனக்கு, சிவப்பாக இருப்பது பூ இல்லை என்று பிள்ளைகளை நம்பவைப்பதே ஒரு பாடம். சிவந்திருப்பவை பூவடிச் செதில்கள், அதாவது இலைகள். நடுவில் மஞ்சளாகக் கடுகுபோல் திரண்டிருப்பதுதான் பூக்கொத்து. நாளின் நீளத்தைச் செடி அளக்கிறது என்பதை 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலையை வைத்துக் காட்டினார்கள். உண்மையில் செடி எண்ணுவது பகலை அல்ல, இரவை. பாயின்செட்டியாவுக்குத் தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அறுபடாத இருட்டு வேண்டும், அதுவும் பல வாரங்களுக்கு. நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் கணக்குத் தப்பிவிடும். எங்கள் மலையில் டிசம்பர் இரவு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் யாரும் கை வைக்காமலே, பண்டிகை நாளைப் பார்த்து வந்ததுபோல் சிவந்துவிடும்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ. பசிபிக் கடலைப் பார்த்த சரிவுக் காடுகளில் ஆளுயரத்துக்கு மேல் வளரும். அந்த மண்ணின் நாவாட்டில் மொழியில் இதன் பெயர் குவெத்லாஷோச்சித்ல். அதன் செதிலில் சாயம் எடுத்தார்கள், பாலை மருந்தாக்கினார்கள் என்பார்கள். ஸ்பானியர் வந்து கிறிஸ்துமஸ் வந்தபின் அதற்கு ‘நோச்சேபுவேனா’ என்று பெயர் விழுந்தது. அது கிறிஸ்து பிறப்புக்கு முந்தின இரவின் பெயர். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘நல்ல இரவு’. கார்னருக்கும் அல்லார்டுக்கும் வெகுகாலம் முன்பே செடியின் தேவையைப் பெயரில் வைத்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொல்வேன். தற்செயல்தான், தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

உலகம் அழைக்கும் பெயரோ ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட்டுடையது. 1825இல் மெக்சிகோவுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதர், செடிப் பித்தர். அவர் காலத்தில் அங்கிருந்து போன செடி 1829இல் பிலடெல்பியா மலர்க் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு, உள்நாட்டு அரசியலில் மூக்கை நுழைக்கிறார், திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று மெக்சிகோ அரசு கேட்டது. அடுத்தவர் விவகாரத்தில் அதிகாரத்தோடு தலையிடுவதற்கு அங்கே ‘பாயின்செட்டிஸ்மோ’ என்றே ஒரு சொல் பிறந்தது. பிறகு அவர் போர்த்துறைச் செயலர் ஆனார். 1838இல் செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியது அந்தத் துறையின் கீழ்தான். செடிக்கோ, பெர்லினில் க்ளோட்ஷ் என்ற தாவரவியலாளர் 1834இல் ‘பேரழகு’ என்று பொருள்படும் புல்கெரிமா என்ற பெயரை வெளியிட்டார். ஊர் பிடித்துக்கொண்டது தூதரின் பெயரை. அப்பாவின் ‘பான்சட்டி’ எனக்கு இன்னும் பிடித்துப்போனது இதைப் படித்த பிறகுதான்.

வியாபாரமாக்கியது ஜெர்மனியிலிருந்து வந்து லாஸ் ஏஞ்சலீஸில் குடியேறிய எக்கே குடும்பம். ஆரம்பத்தில் வெட்டிய கிளைகளைத் தெருவோரத்தில் விற்றார்கள். 1923இல் என்சினிடாஸ் என்ற கடற்கரை ஊருக்கு மாறினார்கள். வயலில் வளர்த்த தாய்ச் செடிகள் அங்கிருந்து ரயிலேறி நாடு முழுக்கப் போயின. தொட்டிக்கு வந்த பழைய ரகங்கள் வீட்டுக்குள் சில நாளிலேயே இலை உதிர்த்துவிடும். 1963இல் ஒஹையோவின் மிக்கெல்சன் பண்ணை விட்ட ரகம்தான் வாரக்கணக்கில் நின்றது. அந்தக் குடும்பத்துப் பால் எக்கேயின் மகன், அவரும் பால்தான், தொலைக்காட்சி அரங்குகளுக்குத் தொட்டி தொட்டியாக இலவசமாக அனுப்பினார். டிசம்பரில் எந்த நிகழ்ச்சியைப் போட்டாலும் பின்னால் சிவப்பு!

அவர்கள் செடி மட்டும் குட்டையாக, புதராகக் கிளைத்தது. மற்றவர்களுடையது எங்கள் வாசல் செடிபோல் நெட்டையாகப் போனது. ஒட்டுக் கட்டும் முறை ஒன்றை அந்தக் குடும்பம் பல பத்தாண்டுகள் வெளியே விடாமல் வைத்திருந்தது. 1990களில் ஆய்வாளர்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். கிளைக்க வைத்தது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். ஒட்டு வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவது. வேறு பயிர்களில் அந்த இனம் வந்தால் மருந்து தேடுவோம். ரகசியம் உடைந்ததும் போட்டி பெருகியது. 2012இல் எக்கே நிறுவனம் ஒரு டச்சுக் குழுமத்தின் கைக்குப் போனது.

போன வருஷம் மகள் கோவையிலிருந்து அப்படிப்பட்ட குட்டைத் தொட்டி ஒன்று வாங்கிவந்தாள். மார்ச்சில் கிளைகளைக் குறைத்தேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு விறகு அறைக்குள் வைத்துப் பூட்டி, காலை எட்டுக்கு வெளியே எடுத்தேன். இடையில் ஒரு ராத்திரி பேரன் டார்ச் அடித்துப் பூனை தேடினான். அவனைத் திட்டிய திட்டு எனக்கே அதிகமாகப் பட்டது. நவம்பர் கடைசியில் சிவந்தது. திண்ணையில் வைத்தேன்.

பால் கொண்டுவரும் தம்பி கேட்டில் நின்று அப்பாவின் செடியை அண்ணாந்து பார்த்தான்.

“ரோட்டுப் பக்கம் மட்டும் சீக்கு விழுந்திருக்கா டீச்சர்?”

“அதுக்குச் சீக்கு இல்லப்பா, தூக்கம் இல்லை. சீக்கு திண்ணையில இருக்கு பாரு.”

அவன் தொட்டியைப் பார்த்தான். “இது நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?” என்றான்.