கறுப்புத் துணியும் கமராவும்

1912 மார்ச் 14. லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம். எலிசா பாரோ என்ற பெண்ணுக்கு ஆர்சனிக் நஞ்சு கொடுத்துக் கொன்ற குற்றத்தில் பிரெடரிக் செடனுக்கு மரண தண்டனை விதிக்க, நீதிபதி பக்னில் தலையில் கறுப்புத் துணியோடு அமர்ந்திருந்தார். அந்தக் கணத்தை ஒரு கமரா மறைவாகப் பதிந்துவிட்டது. செடன் யாரென்று தெரியாதவரையும் அந்தப் படம் நிறுத்திப் பார்க்க வைக்கிறது. ஒரு மனிதன் சாகவேண்டும் என்று சட்டம் சொல்லும் வேளையில் அதன் தோற்றம் என்ன என்பதை அது காட்டுகிறது. மக்களின் பெயரால் விதிக்கப்படும் தண்டனையை மக்கள் பார்ப்பதில் என்ன பிழை? பிரித்தானியப் பாராளுமன்றம் அப்படி எண்ணவில்லை. 1925இல் நீதிமன்றத்துக்குள் படம் பிடிப்பதையும் ஓவியம் வரைவதையும் சட்டத்தால் தடுத்தது.

தடையை ஆதரிப்போரின் வாதம் வலுவானதுதான். தண்டிக்கப்பட்டவருக்கும் மனைவி மக்கள் உண்டு. தீர்ப்பும் மேன்முறையீட்டில் மாறலாம். இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்க கொலை வழக்கில் 1961 மே மாதம் சோமராம தேரர், புத்தரக்கித தேரர், எச்.பி. ஜயவர்தன ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் பின்னிருவரின் தண்டனை ஆயுள் சிறையானது. 1962 ஜூலை 6 அன்று தூக்கிலிடப்பட்டவர் சோமராம தேரர் மட்டுமே. மாறிய தீர்ப்பைப் பத்திரிகை மறுநாளே அச்சிடலாம். வாசகர் மனதில் பதிந்த முகத்தை அதனால் அழிக்க முடியாது. ஆனால் இந்த வாதம் கூண்டில் நிற்பவரின் முகத்துக்குத்தான் பொருந்தும். தீர்ப்பைச் சொல்பவரை ஏன் மறைக்க வேண்டும்?

நம் நாட்டில் கமரா நீதிமன்ற மண்டபத்துக்குள் போகவில்லை, வாசலில் காத்து நிற்கிறது. சிறைச்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் சந்தேகநபர் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விரைகிறார். அவர்மேல் இன்னும் எதுவும் நிரூபணமாகவில்லை. சாட்சி அந்த முகத்தைப் பத்திரிகையில் கண்டபின் நடக்கும் அடையாள அணிவகுப்புக்கு என்ன மதிப்பு? உரிய இடத்தில் மறுக்கப்பட்ட படம் மிகத் தவறான இடத்தில் எடுக்கப்படுகிறது.

தலைமறைவானவரைப் பிடிக்கப் படம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் 2019 ஏப்ரலில், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின், தேடப்படுவோர் வரிசையில் பொலிஸார் வெளியிட்ட ஒரு படம் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த முஸ்லிம் மாணவியுடையது. தவறு திருத்தப்படுவதற்குள் அந்த முகம் உலகைச் சுற்றிவிட்டது. நமக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் குண்டு வெடித்ததும் அதே வாரம்தான். அந்த நாட்களில் பர்தா அணிந்த ஒரு பெண்ணின் படம் தவறான பெயரோடு வெளியாவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை இந்தக் கிழக்குக் கரையோரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2022 ஜூலை 28 அன்று, செடனுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே ஓல்ட் பெய்லிக்குள் அனுமதியோடு கமரா நுழைந்தது. தண்டனையையும் அதற்கான காரணங்களையும் நீதிபதி வாசிப்பதை அது பதிவு செய்தது. கூண்டில் நின்றவர் பக்கம் அது திரும்பவில்லை.