‘சில நேரம் மட்டும் ஸ்லோவா இருக்கு அண்ணாச்சி’

தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மின்னஞ்சல், சாட்டிங், பிளஸ் டூ ரிசல்ட் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைகளில் ஒரு தொழில்நுணுக்கம் வளர்ந்ததையும், அது எழுதப்படாமலே மறைந்துகொண்டிருப்பதையும் யாரும் சொல்வதில்லை. பாளையங்கோட்டையில் 2000-ஆம் ஆண்டு முதல் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் என்ற முறையில் அதை நான் எழுதுகிறேன். பிரவுசர் எப்போதும் மெதுவாக ஓடினால் காரணம் சொல்ல யாராலும் முடியும்: சிஸ்டம் பழசு, இல்லையென்றால் லைன் மோசம். சில நேரம் மட்டும் மெதுவாக ஓடினால்தான் கடைக்காரனுக்கு வேலை. “அண்ணாச்சி, நேத்து நல்லா ஓடுச்சு, இன்னிக்குச் சுத்திக்கிட்டே கெடக்கு” என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே என்ன மாறியது என்று தேடுவதுதான் அந்த நுணுக்கம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. வி.எஸ்.என்.எல். சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கிய அந்தச் சேவையின் வேகம் 9.6 கிலோபிட். 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்த பிறகுதான் எங்களைப் போன்ற ஊர்களில் கடைகள் முளைத்தன. 56 கே மோடம், ஒரு தொலைபேசி லைன், அதைப் பங்கு போடும் ஐந்தாறு சிஸ்டம். 56 கிலோபிட் முழுசாகக் கிடைத்தாலும் நொடிக்கு 7 கிலோபைட்தான். அதை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு கேபினுக்கும் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தின் முதல் வைத்தியம் படத்தை நிறுத்துவது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் 1993-இல் கொண்டுவந்த மொசைக், எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியதால் புகழ்பெற்றது. ஆனால் படமெல்லாம் வந்து சேரும்வரை காத்திருக்க வைத்தது. 1994-இல் வந்த நெட்ஸ்கேப் எழுத்தை முதலில் காட்டிவிட்டு, படத்தைப் பின்னால் நிரப்பியது. தானாகப் படம் இறங்குவதை நிறுத்தும் வசதியும் அதில் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதே வசதி ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தின் அடியில் ஒரு டிக் அடையாளமாகக் கிடந்தது. மாலையில் கூட்டம் சேரும்போது நான் அந்த டிக்கை எடுத்துவிடுவேன். மின்னஞ்சல் பார்க்க வந்தவர்களுக்கு அது பெரிய உதவி.

நோயைக் கண்டுபிடிக்கும் இடம் திரையின் இடது கீழ் மூலை. எக்ஸ்ப்ளோரரின் அந்த ஸ்டேட்டஸ் பாரில் ஓடும் வரியைத்தான் நாங்கள் நாடி பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். ‘ஃபைண்டிங் சைட்’ என்றே நின்றால் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். சர்வரில் தாமதம், லைனை மாற்றிப் பயனில்லை. ‘வெயிட்டிங் ஃபார் ரிப்ளை’ என்று நின்றால் எதிர்முனை சர்வர் திணறுகிறது. தேர்வு முடிவு நாளிலும், அந்நாட்களில் காலை 8 மணிக்கு ரயில் தட்கல் முன்பதிவு திறக்கும்போதும் இந்த வரிதான் எல்லாத் திரையிலும் நிற்கும். ‘ஐட்டம்ஸ் ரிமெய்னிங்’ என்று எண்ணிக்கை மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் லைன் நிரம்பியிருக்கிறது. வரி ‘டன்’ என்று காட்டியும் பக்கம் அசையவில்லையென்றால் குறை நம் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த நான்கையும் பிரிக்கத் தெரிந்தவனிடம் பாதி வேலை முடிந்த மாதிரி. அதைப் பார்க்காமல் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று தட்டும் பழக்கம் அன்று எல்லாரிடமும் இருந்தது. அதனால் பிரவுசருக்கு ஒரு பயனும் கிடையாது.

இன்னொரு கருவி பதிவேடு. வருகிறவரின் பெயர், நேரம், சிஸ்டம் எண் எல்லாம் எழுதும் நோட்டு. 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளை வெளியிட்டு, அந்தப் பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றும், கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னது. என் கடையில் அதற்கு முன்பே நோட்டு உண்டு. நோட்டின் கடைசிக் கட்டத்தில் வாடிக்கையாளர் சொன்ன குறையையும் எழுதுவேன். ‘3-ஆம் நம்பர், தொடக்கத்தில் மட்டும் ஸ்லோ’ என்று அடுத்தடுத்து வந்தால் எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிடும். லேன் அமைப்பில் ‘ஆட்டோமேட்டிக்கலி டிடெக்ட் செட்டிங்ஸ்’ டிக் ஆகியிருக்கும். ப்ராக்ஸி என்ற இல்லாத இடைச் சர்வரைத் தேடிக்கொண்டு முதல் பக்கத்தில் மட்டும் பிரவுசர் நின்றுபோகும். டிக்கை எடுத்தால் சரி. இதற்குப் போய் விண்டோஸையே ஃபார்மட் அடித்த மெக்கானிக்குகள் உண்டு. ஃபார்மட்தான் இந்தத் தொழிலைக் கெடுத்தது என்பது என் உறுதியான கருத்து. ஃபார்மட் அடித்த பிறகு சிஸ்டம் நன்றாக ஓடும்; ஆனால் காரணம் யாருக்கும் தெரியாது, சில வாரத்தில் அதே குறை திரும்ப வரும், அதற்கும் காசு வாங்குவார்கள்.

கேஷை அழிப்பதும் இப்படித்தான் எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்லப்பட்டது. ஏற்கெனவே பார்த்த படங்களை ஹார்ட் டிஸ்கில் சேர்த்துவைப்பதுதான் கேஷ். மெதுவான லைனில் அதை அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி கொண்டுவர வேண்டும். வேகம் இன்னும் குறையும். மாறாக, அந்தச் சேமிப்பு நூற்றுக்கணக்கான எம்.பி. வளர்ந்து, டிஸ்கே தேடித் தடுமாறும் அளவுக்குப் போனால் அழிக்கத்தான் வேண்டும். நான் அளவை 50 எம்.பி.க்குக் குறைத்துவிட்டு, அழிக்காமல் விடுவேன்.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனித் தொல்லை. யூனிகோடு பரவும்வரை ஒவ்வோர் இதழும் ஒவ்வோர் எழுத்துரு. சில தளங்கள் பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பின: எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு இன்னொரு வகை. செய்திக்கு முன்னால் எழுத்துரு இறங்கும்வரை திரையில் புரியாத குறிகள்தான் தெரியும். ஊர்ச் செய்தி படிக்க வந்த பெரியவர்களுக்கு “கொஞ்சம் பொறுங்க ஐயா, எழுத்து வந்துக்கிட்டு இருக்கு” என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

2003 வாக்கில் நோயின் இடம் மாறியது. லைன் நன்றாக இருக்கும், சர்வர் நன்றாக இருக்கும், பிரவுசர் மட்டும் தவழும். யாரோ இலவசமாக இறக்கிய டூல்பார்கள், முகப்புப் பக்கத்தையே கடத்திப்போகும் நிரல்கள், ஒன்றை மூடினால் மூன்று திறக்கும் விளம்பரங்கள். கூல்வெப்சர்ச் என்ற கடத்தல் நிரல் உலகம் முழுக்கப் பரவிய காலம் அது. நெதர்லாந்தின் மெரைன் பெல்லேகொம் எழுதிய ஹைஜாக்திஸ் என்ற சின்ன நிரல், பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருப்பவற்றையெல்லாம் பட்டியலாகக் காட்டியது. எது நல்லது, எது கெட்டது என்று அது சொல்லாது. படிக்கிறவன்தான் தீர்மானிக்க வேண்டும். எனக்கு அது பெரிய ஆசான். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தபோதுதான் பாப்-அப் தடுப்பும், ஒட்டுநிரல்களை முடக்கும் ‘மேனேஜ் ஆட்-ஆன்ஸ்’ வசதியும் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே கிடைத்தன.

பிறகு நினைவகத்தின் காலம். காலையில் சுறுசுறுப்பு, மாலையில் சோர்வு என்பது இதன் அறிகுறி. எக்ஸ்ப்ளோரர் 6-இல் பக்கத்தின் உறுப்பும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால், பக்கத்தை விட்டுப் போன பிறகும் அந்த நினைவகம் திரும்பாது. பிரவுசரை மூடித் திறந்தால்தான் விடுபடும். ஜிமெயில் போல நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் பக்கங்கள் வந்தபோது இது வெளிப்பட்டது. ஃபயர்பாக்ஸும் இந்தப் பேச்சிலிருந்து தப்பவில்லை. 2011-இல் நிக்கோலஸ் நெதர்கோட் தலைமையில் நினைவகச் செலவைக் குறைக்க அதன் உருவாக்குநர்கள் மெம்ஷ்ரிங்க் என்று தனி முயற்சியே தொடங்கினார்கள். 2012-இல் வந்த 15-ஆம் பதிப்பு ஆட்-ஆன்களால் வீணாகும் நினைவகத்தைப் பெருமளவு மீட்டது. 2008 செப்டம்பரில் வந்த குரோம் வேறு வழி பிடித்தது: ஒவ்வொரு டேபுக்கும் தனி ப்ராசஸ், ஒன்று கெட்டால் மற்றது கெடாது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை அந்தத் திட்டத்தை நடத்தினார் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்த செய்தி. ஷிஃப்ட்டோடு எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று அதுவே காட்டும் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. எனக்கு அதுதான் பெரிது.

கடலும் எங்களைத் தொட்டது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தன. என் பதிவேட்டில் எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே குறை; இந்தியத் தளங்கள் ஓடுகின்றன, வெளிநாட்டுத் தளங்கள் நிற்கின்றன. மெக்கானிக்கைக் கூப்பிடாமல் செய்தித்தாளை எடுத்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டினேன்.

ஆனால் குறை எப்போதும் லைனிலோ சர்வரிலோ இருப்பதில்லை. கேபிள் அறுந்ததற்கு முந்தைய ஆண்டே ஸ்டீவ் சௌடர்ஸ் என்ற பொறியாளர், பக்கம் திறக்க ஆகும் நேரத்தில் பெரும்பங்கு சர்வரில் அல்ல, பக்கத்துக்குள் அடுக்கியிருக்கும் படங்களிலும் நிரல்களிலும்தான் கழிகிறது என்று விளக்கி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அவற்றை இறக்க ஒரு சர்வரோடு ஒரே சமயத்தில் இரண்டு இணைப்புக்கு மேல் வேண்டாம் என்று வெப் நெறிமுறையின் 1999-ஆம் ஆண்டு விதி சொன்னது. 2009-இல் எக்ஸ்ப்ளோரர் 8 அதை ஆறாக்கியது. வழி அகலமானதும் பக்கங்களும் கனத்துவிட்டன. இன்று பிரவுசர் திடீரென்று தவழ்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்தப் பக்கத்தைத்தான்.

ஃப்ளாஷ் 2020 முடிவில் நின்றது. எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-இல் ஓய்வு பெற்றது. கைபேசியில் 4ஜி மலிவான பிறகு என் கேபின்கள் காலியாகி, அங்கே ஜெராக்ஸ் இயந்திரம் வந்தது. தேனி, திருச்சி, கும்பகோணம் என்று எல்லா ஊரிலும் என்னைப் போல் பதிவேட்டோடும் ஸ்டேட்டஸ் பாரோடும் வேலை கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள்.