முதுகெலும்பு முறிவு: அறுவையில்லாச் சிகிச்சை

முறிந்த முள்ளெலும்பில் திருகாணி பொருத்தாமல், படுக்கை ஓய்வு, மாவுக்கட்டு, இடுப்புப் பட்டை, உடற்பயிற்சி ஆகியவற்றால் குணப்படுத்தும் முறை. இராமநாதபுரம் கரையோரத்தில் இம்முறிவுக்கும் பனைத்தொழிலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. சாயல்குடி, கடலாடி வட்டாரப் பனையேறிகள் காலில் தளைநார் மாட்டி, பாளைக்கத்தியும் கலயத்தில் தடவச் சுண்ணாம்பும் இடுப்பில் சுமந்து, பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் மரமேறுவர். தவறி விழுபவருக்குக் குதிகாலோடு, 12ஆம் மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும் நசுங்குவது மிகுதி. விறைத்த விலாக்கூடு முடிந்து, வளையும் இடுப்பு தொடங்கும் இடம் அது. எலும்பின் முன்பக்கம் ஆப்புபோல் குறுகுவதால் கூன் விழுகிறது.

கூனை இழுத்து நிமிர்த்தும் பலகையைக் கிரேக்கர் ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள் விவரிக்கின்றன. நம் பக்கத்தில் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டின் பச்சிலையும் மூங்கில் தப்பையும் பெரும்பாலும் கை, கால் முறிவுக்கானவை.

20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியே இத்துறையின் பொற்காலம். வியன்னாவின் லோரன்ஸ் போலர் நோயாளியைக் குப்புறத் தொங்கவிட்டு, முதுகைப் பின்வளைத்து மாவுச்சட்டை போட்டார். கட்டோடே நடக்கவும் தலையில் பாரம் சுமக்கவும் பழக்கினார். எலும்பு நேரானால்தான் முதுகு தேறும் என்பது அவர் வழி வந்தோர் கொள்கை. இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு வட்டாரச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த ஈ. ஏ. நிக்கோல் 1949இல் இதை மறுத்தார். நிலையான முறிவு கோணலாகவே கூடினாலும், கட்டுப் போடாமல் சீக்கிரம் பயிற்சி தொடங்கியவர் சுரங்க வேலைக்கே திரும்பினர் என்றார். எக்ஸ்ரே படத்தைவிட ஆளை நம்பிய ஆய்வு அது.

தண்டுவடமும் சிதைந்தவர் நிலை வேறு. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 1944இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், முதுகுக்கடியில் தலையணை அண்டக் கொடுத்து எலும்பை நிலைக்குக் கொண்டுவந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருமுறை, இரவிலும், நோயாளியைப் புரட்டச் செய்தார். அங்குச் சிகிச்சை பெற்ற 612 பேரைப் பற்றிய அறிக்கை 1969இல் வந்தது. தமிழ்நாட்டில், 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவைகள் செய்தார்; 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார்.

எவ்வளவு கூனைப் பொறுக்கலாம் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. நரம்புச் சேதமில்லாத, நிலையான வெடிப்பு முறிவில் அறுவையால் கூடுதல் பயனில்லை என்று 2003இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அதில் பங்கேற்றோர் 47 பேரே. பட்டை அணிந்தவரும் அணியாதவரும் ஒன்றுபோலவே தேறினர் என்றது 2014இன் கனடா ஆய்வு. ஆயினும் பல மருத்துவர்கள் பட்டையை விடவில்லை. காலில் உணர்வு குறைதல், சிறுநீர் அடைத்தல் ஆகியவை தோன்றினால் அறுவை தேவைப்படலாம்.

முறிந்த முதுகு வளையாமல், முறுகாமல் ஆளைப் பலகையில் கிடத்திக் கொண்டுசெல்வது முதல் தேவை. இராமேசுவரம் தீவில் அதுவே பெரும்பாடாக இருந்தது: 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை கடலைத் தாண்ட ரயில் அல்லது படகுதான். 1964 புயலில் ரயில் பாலமும் சிதைந்தது. 46 நாளில் சீரமைத்தனர். 108 ஆம்புலன்ஸ் 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.