கட்டியும் வீசையும்

கெலுகோரிலோ ஜார்ஜ்டவுன் கடைத்தெருவிலோ கடை நடத்தித் தமிழகத்தை முன்பின் காணாத பினாங்குத் தமிழர், முதன்முறையாகச் சரக்குக் கொள்முதலுக்கு நாகப்பட்டினம் சென்று இறங்கியபோது, மொழி அவரைக் கைவிடவில்லை, கணக்கே கைவிட்டது. 1926இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் அவ்வழியே நெடுங்காலம் ஓடியது. சூலியா வணிகர் முன்னர்த் துணியேற்றி வந்த கடல்வழியும் அதுவேயன்றோ!

பினாங்கில் வெள்ளிக்கு 100 காசு. அங்கோ, ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. இங்கு 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்கள். அங்கு 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. காய்கறி வாங்கவும் மனக்கணக்கு வேண்டியிருந்தது. தந்தை சொல்லக் கேட்ட ஊரில், தராசின் முன் அவர் அயலாராகவே நின்றார்.

1957 ஏப்ரல் முதல் நாள் இந்திய ரூபாயும் நூறாகப் பகுக்கப்பட்டது. நாணயம் ஒத்துவந்த அவ்வாண்டிலேயே, ஆகஸ்டு 31இல், மலாயா விடுதலை பெற்றது. மலாயாக் குடியுரிமை ஏற்றவருக்குத் தமிழகம் சட்டப்படியும் வெளிநாடாயிற்று. கணக்கு எளிதானது, உறவின் பெயர் மாறியது.

எனினும் கப்பல் நின்றுவிடவில்லை. 1970களில் 'ரஜூலா' ஓய்வுபெற, 'சிதம்பரம்' தொடர்ந்தது. 1985 பிப்ரவரியில் அது கடலிடைத் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டனர். அக்கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. அதே ஆண்டில் கெலுகோரிலிருந்து பிறைக்குப் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது.