ஆடு இல்லாத தீவில் கம்பளி



"ஊரை வாழவைப்பது பழந்தொழிலா, புதுத்தொழிலா?" புதுத்தொழிலே என்று பேச வந்திருக்கிறேன். எங்கே? தறிச் சத்தம் கேட்கிற காஞ்சிபுரத்தில்! எனக்குத் தைரியம்தான். (சிரிப்பு)

எதிரணி அம்மா சொன்னாங்க, "தன் மண்ணில் விளைவதை நம்பித்தான் ஊர் பிழைக்கும்" என்று. அம்மா, இந்தியப் பெருங்கடலில் மொரீசியஸ் என்று ஒரு தீவு. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர்தான். 1834 முதல் நம்ம ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டப் போன ஊர். இன்றைக்கும் அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கு! (கைதட்டல்)

1968-இல் அது விடுதலை பெற்றபோது, ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சர்க்கரை. ஒரு புயல் அடிச்சாப் போச்சு. விலை இறங்கினாலும் போச்சு. ஜேம்ஸ் மீட், 1977-இல் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார மேதை. அவரே 1961-இல், பெருகும் ஜனத்தொகையைப் பார்த்து, இந்தத் தீவு எப்படிப் பிழைக்கப் போகிறதோ என்று கவலைப்பட்டு எழுதினார்.

தீவுக்காரன் என்ன செஞ்சான்? 1970-இல் சட்டம் போட்டான். "மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவா, இங்கே துணியாக்கு, வெளிநாட்டுக்கு அனுப்பு." எழுபதுகளில் சர்க்கரை விலை ஏறியபோது, அந்த லாபத்தில் ஒரு பங்கை ஆலையில் போட்டான். ஹாங்காங் முதலாளிகளும் வந்தார்கள். வீட்டோடு இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பளக்காரர்கள் ஆனார்கள். கம்பளி ஸ்வெட்டர் ஏற்றுமதியில் உலகமே திரும்பிப் பார்த்தது. இத்தனைக்கும் அங்கே கம்பளி ஆட்டு மந்தை கிடையாது! (சிரிப்பு)

மறைக்க மாட்டேன். 2005-இல் உலக ஜவுளிக் கோட்டா முறை முடிந்தது. ஆலைகள் மூடின. அந்தப் பெண்களில் பலருக்கு வேலை போச்சு. தீவு சுற்றுலா, வங்கி, கணினி என்று மறுபடி திரும்பியது. மாறத் தெரிந்ததால் மூழ்கவில்லை.

இப்போ காஞ்சிக்கு வாங்க. பட்டு நூல் எங்கிருந்து வருது? கர்நாடகத்திலிருந்து. ஜரிகை? சூரத்திலிருந்து. நம்மிடம் என்ன இருக்கு? கை! அந்தக் கைத்திறன்! காஞ்சிபுரமும் ஒரு தீவுதானய்யா. சுற்றிக் கடல்தான் இல்லை. (கைதட்டல்)

இன்று நெசவாளி மகன் விடிகாலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். அப்பாவுக்குக் கோர்வை வாங்க ஆள் இல்லை. அவனைத் துரோகி என்று சொல்லாதீங்க. அங்கேயும் நிரந்தரம் இல்லை. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடியது.

வழி? உங்க சேலையிலேயே இருக்கு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் பூட்டி நெய்கிறீர்களே, அதுதான் கோர்வை! கரும்பு தந்த காசில் ஆலை வந்தது போல, தறி தந்த காசில் பிள்ளை படிக்கட்டும். தறியில் உட்காருகிறவன் வேறு வழியில்லாமல் உட்காராமல், நல்ல கூலிக்கு விரும்பி உட்காரட்டும்.

பழந்தொழில் தாய். ஆனால் பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்தால் அது நடக்கப் பழகுமா? இறக்கி விடுங்கள் தாயே! புதுத்தொழிலே ஊரை வாழவைக்கும் என்று கூறி அமர்கிறேன்.