நெஞ்சும் நினைவும்

தமிழில் 'நெஞ்சு' என்னும் சொல் உடலுறுப்பையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிப்பது. வலித்தால் 'நெஞ்சு வலி'. மறவாதிருந்தால் 'நெஞ்சில் நிற்கிறது'. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. கிரேக்கத்தின் அரிஸ்டாட்டிலும் அறிவின் இருப்பிடம் இதயமே எனக் கருதினார். பின்வந்த மருத்துவம் நினைவை மூளைக்கு உரியதாக்கியது. ஆயினும் நெஞ்சுக்கும் நினைவுக்கும் உள்ள உறவு அற்றுவிடவில்லை. இரத்தக்குழாய்களின் வழியே அது தொடர்கிறது.

இரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி நிறுவினார். மூளையின் அடியில் வளையமாக அமைந்த தமனிகளை 1664இல் தாமஸ் வில்லிஸ் விளக்கினார். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, இதயம் செலுத்தும் இரத்தத்தில் சுமார் 15 விழுக்காட்டைப் பெறுகிறது. வாய்க்காலின் தலைமடை பழுதானால் கடைமடை காய்வதை உழவருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

1906இல் அலாய்ஸ் அல்சைமர் தம் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட மாற்றங்களை அறிவித்தார். எனினும் அது நடுவயதினரின் அரிய நோயென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. முதியோரின் மறதிக்குத் தமனிகள் தடித்துப்போவதே காரணம் என்றனர். 1960களின் பிரேதப் பரிசோதனை ஆய்வுகள், அல்சைமர் கண்ட மாற்றங்கள் முதியோரிடமும் மிகுதி எனக் காட்டின. 1974இல் ஹாசின்ஸ்கியும் உடனாய்வாளர்களும், குழாய்கள் குறுகி மூளை மெல்லமெல்லப் பட்டினி கிடப்பதைவிட, சிறிதும் பெரிதுமான பல பக்கவாதங்களே அறிவைக் குலைக்கின்றன என வாதிட்டனர். முதியவர் பலரின் மூளையில் இவ்விரு வகைச் சேதங்களும் சேர்ந்தே இருப்பதை இன்று அறிவோம்.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி.எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1998இல் கொச்சியில் உருவான '10/66' ஆய்வுக்குழு பின்னர்ச் சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் 65 வயது கடந்தோரை ஆராய்ந்தது. 2008இல் வெளியான முடிவு நம்மைச் சிந்திக்க வைப்பது. அமெரிக்க வரையறைப்படி இந்தியக் கிராமத்தில் மறதிநோய் கண்டோர் 0.3 விழுக்காட்டினரே. கல்வியும் பண்பாடும் வேறுபடும் சூழலுக்கென அக்குழு வகுத்த முறைப்படி பார்த்தாலோ, ஆராயப்பட்ட எந்த நாட்டிலும் அளவு 5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை.

ஏன் இந்த இடைவெளி? அன்றாடச் செயல்களில் தளர்ச்சி உண்டென்று குடும்பத்தார் சொன்னால்தான் பழைய வரையறை நோயை ஏற்கும். நம் வீடுகளிலோ முதியவரின் வேலைகளை மகளோ மருமகளோ எடுத்துக்கொள்கிறார். தளர்ச்சி வெளியே தெரிவதில்லை. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். வாழப்பாடியில் நாம் 'வயசாயிருச்சு' என்று முடித்துவிடுகிறோம். அன்பு நோயை மறைத்துவிடுகிறது.

வயதை நிறுத்த இயலாது. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்த இயலும். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் வைக்க முயன்ற குழுவில், 140ஐ இலக்காகக் கொண்ட குழுவைவிட இலேசான அறிவுத்தளர்ச்சி குறைவாகவே தோன்றியது. முற்றிய மறதிநோயைப் பொறுத்தவரை அவ்வேறுபாடு உறுதிப்படவில்லை. 2024இல் லான்செட் ஆணையம் தடுக்கத்தக்க காரணங்களாகப் பதினான்கைப் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை ஆகிய இதயத்தின் பகைவர்கள் அதிலும் இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. 'தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி எதற்கு?' என்று அம்மாயி அந்த மாத்திரையை நிறுத்தும்போது, அது பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் காக்கக்கூடும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நடுவயதிலிருக்கும் நாமும் நம் அழுத்தத்தை இன்றே அளந்துகொள்வது நல்லது.